சிறு குளியலறையும் வெந்நீர்க்கலமும்

ஒரு வீட்டின் வரைபடத்தைக் கையில் எடுத்து, அதில் எந்த அறைக்கு மிகுந்த சிந்தனை செலவாகியிருக்கிறது என்று பாருங்கள். கூடத்துக்கும் சமையலறைக்கும் பூசையறைக்கும் திசை பார்த்து, அளவு பார்த்து, மனையடி சாத்திரமும் பார்த்து இடம் ஒதுக்கியிருப்பார்கள். எஞ்சிய மூலை எதுவோ, அதுவே பெரும்பாலும் குளியலறை. நான்கடி அகலமும் ஆறடி நீளமும் கிடைத்தால் போதும் என்று விட்டுவிடுவார்கள். ஆனால் அந்தச் சிற்றறைக்குள்தான் தண்ணீர், மின்சாரம், வெப்பம், ஈர உடம்போடு நிற்கும் மனிதன் ஆகிய நான்கும் ஒன்று கூடுகின்றன. வீட்டின் வேறெந்த அறையிலும் இந்நான்கும் இத்துணை நெருங்கிச் சந்திப்பதில்லை. அவற்றைச் சந்திக்க வைப்பது, கீசர் என்று கடைக்காரரும் குழாய் வேலைக்காரரும் ஒருமிக்கச் சொல்லும் வெந்நீர்க்கலம்.

அக்கலம் தகாத இடத்தில் மாட்டப்பட்டிருந்தால் என்ன செய்வது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இது கொத்தனாரும் மின்பணியாளரும் பார்த்துக்கொள்ள வேண்டிய செய்தியன்றோ, மாணவர்களாகிய எங்களுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வெப்ப விரிவு, அழுத்தம், வெப்ப ஏற்பு, மின்னோட்டம் என்று தனித்தனிப் பாடங்களாக நீங்கள் படித்து, தனித்தனி மதிப்பெண் வாங்கியவை அனைத்தும் அந்தச் சுவரில் ஒன்றாகத் தொங்குகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகை முன் நின்ற எனக்கு இதைவிட நல்ல பாடக்கருவி கிடைத்ததில்லை.

கீசர் என்னும் சொல்லின் வேர் ஐஸ்லாந்து நாட்டில் இருக்கிறது. அங்கே நிலத்தைப் பிளந்துகொண்டு பீறிட்டெழும் வெந்நீர் ஊற்று ஒன்றுக்கு அப்பெயர். 1868-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் பெஞ்சமின் வாடி மாகன் என்னும் வண்ணப்பூச்சுக் கலைஞர், எரிவாயுச் சுடரால் நீரை உடனுக்குடன் சூடாக்கும் கருவி ஒன்றை அமைத்து, அதற்கு அவ்வூற்றின் பெயரையே சூட்டினார். நல்ல கருவிதான், ஆனால் அதற்குப் புகைபோக்கி இல்லை. எரிந்த வாயு குளியலறைக்குள்ளேயே தங்கியது. அந்தக் குறையை இன்றும் சிலர் தம் வீட்டில் விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். சமையல் எரிவாயுவால் இயங்கும் கலத்தைச் சன்னல் சாத்திய குளியலறைக்குள் மாட்டிக்கொள்கிறவர்களைச் சொல்கிறேன். காற்றுப் போதாமல் எரியும் சுடர் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவை உண்டாக்குகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் வலிமையாக அதைப் பற்றிக்கொள்கிறது. குளிப்பவர் தலைசுற்றி விழும்போது கதவு உள்ளே தாழிடப்பட்டிருக்கும். ஆகவே எரிவாயுக் கலத்தைப் பொறுத்த வரையில் ஆராய்ச்சிக்கு இடமேயில்லை. அது குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான திறந்த இடத்துக்குப் போய்விட வேண்டும். இனி நான் பேசப்போவது மின்சாரக் கலத்தைப் பற்றி மட்டுமே.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். எனக்குத் தெரிந்தது, என் இளமையில் முற்றத்தில் நின்ற செம்புப் பாய்லர். உங்களில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆகையால் இங்கே அந்த விதி எனக்குச் சற்றே கைகொடுக்க மறுக்கிறது. நடுவே ஒரு குழல். அதனுள் அடுப்புக்கரி கனலும். குழலைச் சுற்றி நீர். மேலே உள்ள புனலில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் அதே அளவு வெந்நீர் மூக்கு வழியாக வெளியே வரும். அந்தக் கலத்தின் வாய் எப்போதும் திறந்திருந்தது. நீர் சூடேறி விரிந்தால் மூக்கு வழியாகச் சொட்டும். கொதித்தால் ஆவி புனல் வழியாகப் போகும். அதற்கு வேறு காவல் தேவைப்படவில்லை.

இன்றைய மின்கலமோ மூடிய கலம். அதில் 15 லிட்டர் நீர் இருக்கிறது என்போம். 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடேறும்போது அந்நீர் ஏறக்குறைய 200 மில்லிலிட்டர் விரிகிறது. ஒரு தம்ளர் அளவு. ஒரு தம்ளர்தானே என்று எண்ண வேண்டா. நீரை அமுக்கிச் சிறிதாக்குவது மிகக் கடினம் என்பதைப் பாடத்தில் படித்திருக்கிறீர்கள். அந்தத் தம்ளர் நீர் வெளியேற வழியில்லாவிட்டால் கலத்தின் சுவரை நெருக்கும். வந்த வழியே குளிர்நீர்க் குழாய்க்குள் திரும்பலாமே என்றால், வெந்நீர் அவ்வாறு திரும்பக்கூடாது என்பதற்காகவே அங்கே ஒருவழி அடைப்பான் வைத்திருக்கிறார்கள். ஆகவே அதே அடைப்பானின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை இருக்கிறது. அழுத்தம் அளவு மீறினால் அது திறந்து சில சொட்டு நீரைக் கீழே விடும். உங்கள் வீட்டுக் கலத்தின் அடியில், குளிர்நீர் நுழையும் இடத்தில் அதைக் காணலாம். சமையலறையில் குக்கரின் மேலுள்ள வெயிட்டு செய்யும் வேலையை அது ஓசையின்றிச் செய்கிறது.

நீரின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், அது தவறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் இரண்டாம் காவலும் கலத்துக்குள் இருக்கின்றன. இரண்டும் ஒருசேரப் பழுதுற்ற நாளில் எஞ்சி நிற்பது அந்தத் துளை ஒன்றே. வளிமண்டல அழுத்தத்தில் ஒரு பங்கு நீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 பங்கு இடத்தை நிரப்பும். மூடிய கலத்துக்குள் அந்த ஆவி பிறக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வளவு முன்னுரைக்குக் காரணம் உண்டு. தகாத இடத்திலுள்ள கலத்துக்கு மக்கள் தேடும் முதல் பரிகாரம், அதை மறைத்துவிடுவது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில், குளியலறைச் சுவரில் துருத்திக்கொண்டு நின்ற கலத்துக்குத் தச்சரை அழைத்து அழகான பலகைப் பெட்டி செய்து மூடினார்கள். அடைப்பானிலிருந்து சொட்டும் நீர் புதுப் பலகையைக் கெடுப்பதைக் கண்ட அந்தத் தச்சர், தம் வேலையில் பற்றுள்ளவர், அத்துளைக்குச் சரியாக ஒரு மரக்குச்சியைச் சீவி அடித்து இறுக்கிவிட்டார். சொட்டுவது நின்றது; எல்லோருக்கும் மகிழ்ச்சி. சில மாதங்களுக்குப் பின்னர் வேறொரு பழுதுக்காக வந்த குழாய் வேலைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்து, முதலில் மின்விசையை அணைக்கச் சொன்னார். பிறகுதான் பேசினார். அந்தக் குச்சியை அவர் எனக்குக் காட்டினார். என் சுண்டுவிரல் நீளங்கூட இல்லை.

எங்கள் வீட்டுச் செய்திக்கு வருகிறேன். நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் குளியலறை முன்னே சொன்ன நான்கடிக்கு ஆறடி. அதைக் கட்டியவர் குழாய்ச் செலவை மிச்சப்படுத்த எண்ணினார் போலும். 15 லிட்டர் கலத்தைக் கழிப்பிருக்கைக்கும் குளிக்கும் மூலைக்கும் இடையே, தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில் மாட்டியிருந்தார். இருக்கையிலிருந்து எழுந்தால் தலை இடிக்கும். குளிக்கும் நீர் நேரே அதன் மேல் தெறிக்கும். அதற்கான சுவிட்சும் அருகிலேயே, ஈரக்கை எட்டும் தூரத்தில் இருந்தது. இதற்கு வழி தேடியபோது எங்கள் வீட்டில் நான்கு கருத்துகள் எழுந்தன. மறைத்துப் பெட்டி கட்டலாம் என்றாள் என் மனைவி. துணி துவைக்கும் பின்கட்டுக்கு அதைக் கொண்டுபோய்விடலாம் என்றான் மகன். இதை எடுத்துவிட்டு, கைப்பெட்டி அளவில் வரும் உடனடிக் கலத்தை வைக்கலாம் என்றாள் மருமகள். இருக்கிற கலத்தையே படுக்கவைத்துக் கதவுக்கு மேலே மாட்டித் தருகிறேன் என்றார் வந்த வேலைக்காரர்.

பெட்டியை முழுவதும் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் அதற்குச் சில கடமைகள் உண்டு. கலத்தின் அடிப்பகுதி திறந்தே இருக்க வேண்டும். அடைப்பானின் சொட்டுநீர் ஒரு சிறு குழாய் வழியே கண்ணுக்குத் தெரியும்படி தரைக்கு வந்து சேர வேண்டும். நம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுதி. சூடேற்றும் கம்பியில் சுண்ணப்படலம் படியும். கலத்தின் உட்சுவர் அரிக்காமல் தான் அரிபட்டுக் காப்பதற்காக உள்ளே மக்னீசியத் தண்டு ஒன்றும் வைத்திருக்கிறார்கள். இவ்விரண்டையும் அவ்வப்போது உருவி எடுத்துப் பார்க்க வேண்டும். உருவுவதற்கு அவற்றின் நீளத்துக்குக் குறையாத இடம் கீழே வேண்டும். இத்தனையும் விட்டு எஞ்சிய பக்கங்களைத்தான் பலகை மறைக்கலாம். எங்கள் அறையில் இதைச் செய்தாலும் தலை இடிப்பது நிற்காது; இடிப்பது பலகையில் என்பதே மாற்றம். மனைவி தன் கருத்தைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டாள்.

மகன் சொன்னது பாதுகாப்பில் முதலிடம் பெறத் தக்கது. மின்சாரம் குளியலறையை விட்டே வெளியேறிவிடுகிறது. குறை எங்கே என்றால் குழாயின் நீளத்தில். 15 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாயில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 177 மில்லிலிட்டர் நீர் நிற்கும். வட்டத்தின் பரப்பைக் கொண்டு நீங்களே கணக்கிடலாம். எங்கள் பின்கட்டு ஒன்பது மீட்டர் சுற்றி வர வேண்டிய தொலைவில் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒன்றரை லிட்டருக்கு மேல் ஆறிய நீர் வந்த பிறகே வெந்நீர் வரும். குளித்து முடித்ததும் அதே அளவு வெந்நீர் குழாயில் தங்கி வீணே ஆறும். சுவருக்கு அந்தப்புறமே பின்கட்டு அமைந்த வீடாக இருந்தால் நான் வேறொன்றையும் எண்ணியிருக்க மாட்டேன்.

மருமகளின் உடனடிக் கலத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அதன் ஆற்றல் 3,000 வாட். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த 4.2 கிலோஜூல் வெப்பம் வேண்டும். நீரை 20 டிகிரி உயர்த்தி வாங்கினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 லிட்டர்தான் கிடைக்கும். 15 லிட்டர் வாளி நிரம்ப ஏழு நிமிடம் ஆகும். சென்னைக்கு இது போதும். குழாய்நீரே சில்லிட்டிருக்கும் உதகையில் தை மாதத்து விடியலில் இதை நம்பி நிற்பவர் நடுங்குவார். சேமிப்புக் கலம் 2,000 வாட் ஆனாலும் 17 நிமிடம் முன்னதாகவே உழைத்து, 60 டிகிரியில் 15 லிட்டரைத் தயாராக வைத்திருக்கிறது. அதனுடன் 28 டிகிரிக் குளிர்நீர் 25 லிட்டர் சேர்த்தால் குளிப்பதற்கு இதமான 40 டிகிரியில் 40 லிட்டர் கிடைக்கும். ஒருவர் பின் ஒருவராக நால்வர் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் புறப்படும் எங்கள் வீட்டுக்கு இதுவே ஏற்றது. தனியே வாழும் ஒருவருக்கு நான் மருமகளின் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருப்பேன்.

வேலைக்காரர் சொன்னதைக் கேட்டு எல்லோரும் தலையசைத்தார்கள். ஆனால் நிற்கும் கலத்தைப் படுக்கவைப்பது பெட்டியில் மூடுவதைக் காட்டிலும் கேடு. காரணத்தை உள்ளே பார்த்தால்தான் விளங்கும். சூடான நீர் அடர்த்தி குறைந்து மேலே ஏறும். குளிர்ந்த நீர் அடியில் தங்கும். ஆகையால் நிற்கும் கலத்தில் குளிர்நீர்க் குழாய் அடியிலேயே முடிந்துவிடுகிறது. வெந்நீர்க் குழாயோ உள்ளே உச்சி வரை நீண்டு, அங்கிருந்து நீரை வாங்குகிறது. அந்த உச்சியைப் பக்கவாட்டில் சாய்த்துவிட்டால் குழாயின் வாய் நடு உயரத்தில் நின்றுபோகும். அதற்கு மேலுள்ள இடத்தில் காற்று சிறைப்படும். சூடேற்றும் கம்பியின் ஒரு பகுதி நீருக்கு வெளியே தலைநீட்டினால், வெப்பத்தை வாங்கிக்கொள்ள நீரின்றி அது செஞ்சூடாகி எரிந்துபோகும். படுக்கைநிலைக்கென்றே வேறு குழாயமைப்புடன் செய்த கலங்கள் கடையில் கிடைக்கின்றன. வெளித் தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலவே இருப்பதுதான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம்.

முடிவில், அந்த வேலைக்காரர் காட்டிய இடத்தை வைத்துக்கொண்டு கலத்தை மாற்றினோம். கதவின் தலைக்கும் கூரைக்கும் இடையே 60 சென்டிமீட்டர் இருந்தது. படுக்கைக் கலம் ஒன்று அதில் அடங்கிற்று. குளிக்கும் மூலைக்கு எதிர்ப்பக்கம் அது. குளிக்கும் இடத்திலிருந்து 225 சென்டிமீட்டர் உயரம் வரை ஒரு வட்டாரமாகவும், அதற்கு வெளியே மேலும் 60 சென்டிமீட்டர் இன்னொரு வட்டாரமாகவும் கொண்டு, இவ்விரண்டினுள் சாதாரணச் சுவிட்சோ பிளக்கோ கூடாது என்று பன்னாட்டு மின்விதிகள் வகுத்திருக்கின்றன. நாங்கள் சுவிட்சைக் குளியலறைக்குள் வைக்கவேயில்லை; கதவுக்கு வெளியே நடையில் வைத்தோம். 2,000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர் வரும். ஆகவே 6 ஆம்பியர்ப் பிளக்கு உதவாது. 16 ஆம்பியர் வேண்டும். அதன் மூன்றாவது முள் மற்றவற்றைவிட நீளமாக இருப்பதைக் கவனியுங்கள். பிளக்கைச் செருகும்போது நிலத்தொடர்பு முதலில் ஏற்படவும், பிடுங்கும்போது கடைசியில் விடுபடவும் அந்த நீளம். அந்த முள்ளைச் சாக்கெட்டில் நுழையவில்லை என்று ஒடித்தெறியும் மின்பணியாளர்களை நான் கண்டதுண்டு. அவர்களிடம் எனக்கு மரியாதை இல்லை. இவற்றோடு, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவுக்காப்பு விசையும் வைத்தோம். ஈரத்தோல் மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை உலர்ந்த தோலைவிட மிகக் குறைவு. குளிப்பவனுக்கு மற்றவரைவிட மிகுந்த காவல் வேண்டும் என்பதற்கு அதுவே காரணம்.

சுவர்தான் எங்களைச் சற்றே அலைக்கழித்தது. 15 லிட்டர் நீர் 15 கிலோ. கலத்தின் எடையும் சேர்ந்தால் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்றைத் தலைக்கு மேல் தொங்கவிடுவதற்குச் சமம். கதவின் மேலே கான்கிரீட் லிண்டல். அதற்குள் துளையிட்டால் இரும்புக் கம்பியில் முட்டும். லிண்டலுக்கு மேலே இருப்பது நாலரை அங்குலச் செங்கல் சுவர். சாதாரணத் திருகாணியை அது நெடுநாள் தாங்காது. ஆகவே சுவரை ஊடுருவிப் போல்ட்டுகளைச் செலுத்தி, மறுபுறம் ஓர் இரும்புப் பட்டையை வைத்து இறுக்கினார்கள். பட்டை நடையில் எல்லோர் கண்ணிலும் படுகிறது என்பது மனைவியின் குறை. அதன் மேல் இப்போது நாட்காட்டி தொங்குகிறது.

வெப்ப அளவை எவ்வளவில் வைப்பது என்றும் சிலர் கேட்பார்கள். 60 டிகிரி நீர் நேரே மேலே பட்டால் சில நொடிகளிலேயே தோல் வெந்துவிடும்; குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இன்னும் விரைவில். அதற்காக வெதுவெதுப்பாகவே எந்நேரமும் தேக்கி வைப்பதும் நன்றன்று. 20 முதல் 45 டிகிரி வரை உள்ள தேங்கிய நீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா என்னும் நுண்ணுயிர் பெருகக்கூடும். கலத்தில் 60-இல் வைத்து, வாளியில் முதலில் குளிர்நீரும் பிறகு வெந்நீரும் பிடிப்பது எங்கள் வீட்டு வழக்கம்.

புதிய கலத்தை மாட்டி முடித்த அன்று மாலையே சுவிட்சைப் போடத் துடித்தார்கள். அப்போது கலத்தில் ஒரு சொட்டு நீரும் இல்லை. குழாயைத் திறந்ததும் உள்ளே நிரம்பத் தொடங்கிற்று. நிரம்பிய நீரின் அளவு வெளியிலிருந்து தெரியாது. அதை அறிய ஒரே வழி, குளியலறையின் வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்துக் காத்திருப்பது. முதலில் காற்று மட்டும் சீறும். பிறகு காற்றும் நீருமாக விட்டுவிட்டுத் துப்பும். கலத்தின் உச்சியிலிருந்த காற்று முழுவதும் வெளியேறிய பின்னர், தாரை முறியாமல் ஒழுங்காக விழத் தொடங்கும். அதுவரை என் பேரன் நடையிலிருந்த சுவிட்சுக்குக் காவல் நின்றான்.